முத்தையா அண்ணன் தொடவிடாத இணைப்பு

கார் ஆடியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எடுத்த எடுப்பிலேயே ஒரு வசவு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேர் ஒயரை மட்டும்தான் பார்க்கிறீர்கள். விரல் தடிமனுக்குச் செம்பு ஒயர் வாங்கி, பேட்டரியிலிருந்து பின்சீட்டு வரைக்கும் அழகாக இழுத்து, போனில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியும் விடுகிறீர்கள். நடுவில் அந்த ஒயரை எதை வைத்துச் சேர்த்தாய் என்று கேட்டால் தலையைச் சொறிகிறீர்கள். கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டுவிட்டு மண்டபத்துக்கு ஒற்றைக் கதவு வைத்த கதைதான் இது.

கப்ளர் என்று நாம் சொல்லும் அந்தப் பிளாஸ்டிக் கட்டைக்குள் இருக்கிற பின், இத்தனை ஆம்பியர்தான் தாங்கும் என்று ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் இழுத்தால் சூடாகும். சூடானால் பிடி தளரும். தளர்ந்தால் இன்னும் சூடாகும். கடைசியில் புகை. இதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள், உங்கள் போனிலேயே கிடக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. சரியான கப்ளர் எது என்று நன்றாகத் தெரிந்தும், அது மேசை மேலேயே இருந்தும், எடுத்துப் போட முடியாத ஒரு நாள் உங்களுக்கு வரும். எனக்கு வந்தது.

நான் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு தகர ஷெட்டில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவள். “பொம்பள கையில வண்டியக் குடுக்கிறதா?” என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்களே பிற்பாடு வெள்ளனே வந்து, நான் ஷட்டரைத் தூக்கும்வரை குளிரில் காத்துக் கிடந்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இடுப்பு வலி வந்து கடையை விட்ட பிறகு பெருமையாவது மிஞ்சட்டுமே.

பண்ணைக்காட்டுப் பக்கம் ஓடுகிற ஜீப்புகளைப் பற்றி உங்களில் கொடைக்கானல் டவுனிலேயே வளர்ந்தவர்களுக்குத் தெரியாது. அங்கே வண்டியில் பாட்டுப் போடுவது பொழுதுபோக்குக்காக மட்டும் இல்லை. காப்பிப் பழம் பறிக்கிற மாசங்களில் காலையில் மேகம் இறங்கிவிட்டால், பத்தடிக்கு அப்பால் வருவது வண்டியா மாடா என்று தெரியாது. தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ரோட்டு வளைவுகளில் ஒதுங்கி நிற்பார்கள். எந்த ஜீப் எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்பதை அவர்கள் பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ஒரு வண்டியில் எப்போதும் முருகன் பாட்டு. இன்னொன்றில் பழைய காதல் பாட்டு. முத்தையா அண்ணன் வண்டியில் நையாண்டி மேளம். அவர் ஜீப் இரண்டு வளைவு கீழே இருக்கும்போதே தவில் சத்தம் மேலே ஏறி வந்துவிடும். பெண்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்பார்கள். சத்தம் குறைந்தால் வண்டி அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். அன்றைய கூலியும் அதோடு போய்விடும்.

அந்த மேளத்தையும், ஸ்பீக்கரையும், சத்தத்தைக் கூட்டுகிற ஆம்பையும் ஜீப்பில் ஏற்றியது அவருடைய மகன் சரவணன். கோயம்புத்தூரில் ஒரு கடையில் கொஞ்ச காலம் வேலை கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பியவன். என் கடைக்கும் வருவான். வாயைத் திறக்க மாட்டான். நான் செய்கிற வேலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பான், “வர்றேன் அத்தை” என்று போய்விடுவான். ஜீப்பில் ஸ்பீக்கர் ஏற்றிய அதே வருஷம், மழையில் மலைரோட்டில் பைக் சறுக்கிச் செத்துப்போனான். ஒரே பிள்ளை. நான் துஷ்டிக்குப் போயிருந்தபோது முத்தையா அண்ணன் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். யார் கூப்பிட்டும் இறங்கவில்லை.

அடுத்த பறிப்புக்காலத்தில் ஒரு நாள் காலையில் அவர் ஜீப் என் ஷெட் வாசலில் வந்து நின்றது.

“தங்கச்சி, பாட்டு விட்டு விட்டுப் பாடுது. வளைவுல திரும்புனா நின்னுருது. ஒரு கருகுன வாடையும் வருது. என்னான்னு பாரு.”

“பாத்துருவோம்ண்ணே. எறங்குங்க, டீ சொல்றேன்.”

அவர் இறங்கவில்லை. “ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். டேஷ்போர்டுக்கு அடியில செவப்பு டேப்பு சுத்தி ஒரு இணைப்பு கெடக்கு. அதுல கைய வச்சிராத. அவன் கையால சுத்துனது. கீழ ஊருல ஒருத்தன்கிட்டக் காமிச்சேன். பாத்த ஒடனே ‘எந்த மடப்பய செஞ்ச வேலை இது’ன்னு பிளேட எடுத்தான். சாவியப் பிடுங்கிட்டு வந்துட்டேன்.”

நம் தொழிலில் இது ஒரு கெட்ட வழக்கம். பானெட்டைத் திறந்த கையோடு முன்னால் வேலை பார்த்தவனைத் திட்டிவிட வேண்டும். அப்போதுதான் நம் மதிப்பு ஏறும் என்று ஒரு நினைப்பு. திட்டுவாங்குகிறவன் யாருக்கு என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் நாக்கு நீளம்தான். ஆனால் அன்றைக்கு அந்த டேப்பைச் சுற்றியவன் யார் என்று எனக்குத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மேளத்தைச் சத்தமாகப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். பிறகு அவரிடம் கேட்டுக்கொண்டு, புறங்கையை டேப்பின் மேல் வைத்தேன். சுட்டது. மெதுவாகத் தடவிப் பார்த்தபோது உள்ளே இருக்கிற கட்டையின் அளவு தெரிந்தது. ஹெட்லைட்டுக்குப் போடுகிற சின்னக் கப்ளர். அந்த ஆம்ப் மேளத்தின் உச்சத்தில் நாற்பது ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் கப்ளரின் ஒரு பின் பத்துக்கு மேல் தாங்கினால் அதிசயம். டேப்புக்கு அடியில் வேறு ஏதோ மொறமொறவென்றது. பால் கவர்.

பால் கவர் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் மலையில் எல்லாரும் செய்கிற வேலைதான். மேகம் பட்டு இணைப்பு நனைந்துவிடுமே என்று பால் கவரைக் கழுவி வெட்டிச் சுற்றி, அதன்மேல் டேப் போட்டு இறுக்கிவிடுவார்கள். ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லையே. பகலில் சூடாகி ராத்திரியில் குளிர்ந்தால் கவருக்குள்ளேயே வியர்க்கும். அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்னில் களிம்பு பிடிக்கும். களிம்பு பிடித்த பின் இன்னும் சூடாகும். கீழ்நாட்டுக்காரன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், அவன் மேகத்துக்குப் பயந்ததில்லை. இங்கே வேண்டியது ரப்பர் வளையம் வைத்து மூடுகிற கப்ளர். அதை வாயைக் கட்டிப் பொட்டலம் போடக் கூடாது.

“அண்ணே, இது எரியும்,” என்றேன்.

“இம்புட்டு நாளு எரிஞ்சுச்சா?”

“எரியிறதுக்கு முன்னாடிதான் இந்த வாடை வரும். பின்னாடி அத்தனை பொம்பளைங்க ஏறுறாங்க. மதினியும் அதுலதானே பறிப்புக்குப் போறாங்க?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தார். “வேற எத வேணாலும் மாத்து. ஸ்பீக்கரக் கழட்டி நீயே வச்சுக்க. அதத் தொடாத தங்கச்சி. அவன் கை பட்டதுன்னு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

என்ன செய்வீர்கள்? முடியாது, வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லலாம். சொன்னால் அதே இணைப்போடு அதே பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். அவர் டீக்கடைக்குப் போகும்போது டேப்பை வெட்டிவிட்டு மாற்றிவிடலாம். அப்படிச் செய்திருந்தால் ஜீப் பிழைத்திருக்கும், மனுஷர் தாங்கியிருக்க மாட்டார். இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. ஷெட்டுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அவசர வேலையில் இப்படி நிற்பதை யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள், நீங்களே கற்றுக்கொள்ளுங்கள்.

பிறகு பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பியூஸைக் கழற்றிவிட்டு, பத்து ஆம்பியர் பியூஸைப் போட்டேன். இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பியூஸ் ஆம்புக்காகப் போடுவது இல்லை. பேட்டரியிலிருந்து ஆம்ப் வரைக்கும் அந்த வழியில் எது மெலிந்ததோ, அதற்காகப் போடுவது. மெலிந்ததை மாற்ற முடியாவிட்டால், அது தாங்குகிற அளவுக்குச் சுமையைக் குறைக்க வேண்டும். “அண்ணே, இனிமே சத்தம் கம்மியாத்தான் வைக்கணும். கூட்டுனா பியூஸ் போயிரும். அது போனா நல்லதுன்னு நெனச்சுக்கங்க,” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கும்பிடு வாங்கிய வேலை ரொம்ப நாள் நிற்கவில்லை. மேளம் அடங்கிவிட்டது என்றதும் வளைவுகளில் நிற்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? “என்ன முத்தையாண்ணே, மேளக்காரனுக்குக் காய்ச்சலா? கஞ்சி வச்சுக் கொண்டாரவா?” என்று கேலி பண்ணினார்கள். கேலி எல்லாம் கொஞ்ச நாள்தான். ஒரு நாள் மேகம் கெட்டியாக இறங்கியிருந்தபோது, ரோட்டோரக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்த இரண்டு பேருக்கு வண்டி வந்ததே கேட்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்குக் கூலி இல்லை. மறுநாள் அவர்கள் ஜீப்பில் ஏறியும் அவரிடம் பேசவில்லை. முத்தையா அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார், பியூஸ் போனது. மாற்றினார், திரும்பவும் போனது.

பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்குப் போயி நாயுடுபுரம் போறியாக்கும்? பியூஸ் போடுற எடத்துல ரெண்டு செம்புக் கம்பிய முறுக்கி விட்டுட்டு வெரசா கெளம்பு, சோலியப் பாரு,” என்று அவரே முறுக்கியும் விட்டார். நல்ல மனசோடு செய்த உதவிதான். நம் தொழிலில் பாதி வண்டிகள் நல்ல மனசால்தான் எரிகின்றன.

மூன்றாம் நாள் காலை ஏற்றத்தில், மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஜீப் நிறையப் பெண்கள். அவர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, “எறங்குங்க, எறங்குங்க” என்று கத்தினார். பெண்கள் மேகத்துக்குள் குதித்து ஓடினார்கள். அண்ணன் சம்சாரம் பஞ்சவர்ணம் மதினி மட்டும் ஓடவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து, “நீங்க எறங்குங்க, நீங்க எறங்குங்க” என்று பானெட்டில் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் இறங்கிவந்து பானெட்டைத் தூக்கி, கொதித்துக் கிடந்த பேட்டரி ஒயரை வெறும் கையால் பிடுங்கி எறிந்தார். அதனால் வண்டியும் ஆட்களும் பிழைத்தார்கள். உள்ளங்கைத் தோல் ஒயரோடு போய்விட்டது.

மறுநாள் அந்த ஜீப்பை வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். முத்தையா அண்ணன் பக்கத்தில் இருந்தார், வலது கையில் பெரிய கட்டு. பின்சீட்டில் மதினி, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு. ஓட்டி வந்தவர் டீ குடிக்கப் போனதும் அண்ணன் இறங்கி என் பக்கத்தில் வந்து, மதினிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“நானே வெட்டணும்னுதான் நெனச்சேன். கை ஒதவாது. நீயே வெட்டு. ஆனா தொறந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லிராத.”

“என்னண்ணே சொல்லப் போறேன்?”

“ஒண்ணும் சொல்லிராத.”

டேப் உருகிப் பால் கவரோடு ஒட்டிக் கிடந்தது. பிளேடால் கீறியதும் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. கப்ளர் பழுப்பேறி ஒரு பக்கம் இளகியிருந்தது. நான் அதைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிள்ளைகளே, அது நாலு பின் கப்ளர். அவசரக்காரனாக இருந்தால் மொத்த ஒயரையும் ஒரே பின்னில் திணித்திருப்பான். சரவணன் அந்தத் தடித்த ஒயரின் இழைகளை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பின்னில் அழுத்தி, ஈயத்தால் பற்றவைத்திருந்தான். ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. பின்கள் எல்லாம் நேர். ஒரு பின் தாங்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் சுமையை நாலுக்கும் பங்கு போட்டிருக்கிறான். நாலு பத்து நாற்பது என்பது காகிதத்துக் கணக்கு. நாலும் ஒரே கட்டைக்குள் நெருக்கிக்கொண்டு சூடாகும்போது எந்தப் பின்னும் தன் முழுப் பங்கைத் தாங்காது. ஒன்றில் களிம்பு ஏறினால் அதன் பங்கும் மற்ற மூன்றின் தலையில் விழும். அந்த ஒரு பாடம் அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இந்த வேலையில் இருந்திருந்தால் தானாக வந்திருக்கும். அவன் என் கடையில் வாய் திறக்காமல் நின்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒன்றும் சொல்லாதே என்று அவர் சொன்னதை நான் மீறினேன். “அண்ணே, வேலை சுத்தம். நானே செஞ்சிருந்தாக்கூட இதவிட நல்லா அழுத்தியிருக்க மாட்டேன். சாமான்தான் சின்னது. அது தாங்கல.”

முத்தையா அண்ணன் கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“பெருசா ஒண்ணு வேணும்ப்பான்னு கேட்டான். எங்கிட்டத்தான் கேட்டான். இந்தச் சின்னது தாங்காதுப்பா, இதுக்குன்னே தனியா விக்கிறாங்க, வாங்கிக் குடுன்னான். பாட்டுப் பொட்டிக்கு இதுக்கு மேல காசு கெடையாது, பழைய வண்டியில கெடக்கிறதப் பிடுங்கி மாட்டுன்னு சொல்லிட்டேன். எதுத்து ஒரு வார்த்த பேசல. அம்மாகிட்டப் பால் கவரக் கேட்டு வாங்கிட்டுப் போனான்.” மூக்கை இடது கையால் துடைத்துக்கொண்டார். “தொறந்தா எல்லாரும் அவனத்தானே வைவாங்க? வேலை தெரியாத பயன்னு சொல்லுவாங்கள்ல? அதான் தங்கச்சி யாரையும் தொட விடல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். கஸ்டமர் முன்னால் அழக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அன்றிலிருந்து ஒன்றை நான் கடைசிவரை விடவில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்னொருவர் செய்த இணைப்பைப் பிரித்தால், பொருத்தமில்லாத கப்ளரைப் பார்த்தால், மாற்றுங்கள். தயவு தாட்சண்யம் இல்லாமல் மாற்றுங்கள், அதில் உயிர் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டவனைத் திட்டாதீர்கள். அவன் என்ன கேட்டான், அவனுக்கு என்ன கிடைத்தது என்று நமக்குத் தெரியாது.

அண்ணன் பின்சீட்டுப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார். “இப்பச் சொன்னியே, அதப் போயி அவகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா.”

நான் ஜீப்பின் பின்பக்கம் போனேன். மதினி போர்த்தியிருந்த தலைப்பை விலக்கி என்னைப் பார்த்தாள். அவள் முன்னால் அந்தக் கப்ளரைக் காட்ட மனம் வரவில்லை. கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“மதினி, சரவணன் வேலை ரொம்பச் சுத்தமா செஞ்சிருக்கான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.”

அவள் அழவில்லை. பானெட்டோரம் நின்றிருந்த புருஷனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

“எனக்கு எதுக்கு தாயி சொல்ற? என் பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதா? அவருகிட்டயே சொல்லு. அவன் இருக்கையில அவருதான் கேக்கல.”